எது முந்தியது, எது பிந்தியது? 'மேக்' கருவியின் கதையும் எங்கள் அரை மணித்தியாலமும்

மென்பொருள் எழுதுவதைப் பற்றி நாங்கள் நிறையக் கதைக்கிறோம். எழுதின மென்பொருளைக் கட்டியெடுக்கிற வேலையைப் பற்றி யாரும் பெரிசாகக் கதைக்கிறதில்லை. சி, சி++ போன்ற மொழிகளில் எழுதப்பட்ட ஒரு பெரிய திட்டத்தில் ஆயிரக்கணக்கான கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றையும் கொம்பைல் பண்ணி, வருகிற துண்டுகளை ஒன்றாக இணைத்தால்தான் ஓடக்கூடிய ஒரு செயலி கைக்கு வரும். லினக்ஸ் கேர்னல், ஃபயர்பொக்ஸ், லிப்ரே ஒபிஸ் எல்லாம் இப்பிடித்தான் வருகின்றன. மனிசர் கையால் ஒவ்வொரு கட்டளையாக அடித்து இதைச் செய்ய ஏலாது. அதுக்கென்று தனியான கருவிகள் இருக்கின்றன. அவற்றில் இன்றுவரை புழக்கத்தில் இருக்கிற மூத்த கருவி 'மேக்'.

இந்தக் கட்டுரையில் நாங்கள் பார்க்கப்போவது இந்தக் கருவிகள் பிழைத்த வரலாற்றை. அவை பிழைக்கிற வழிகளில் முக்கியமானது நேரம். நேரம் என்று வந்தால் யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் இடையில் ஒரு கதை இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசிக்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

1976: வீணாய்ப் போன ஒரு காலை

1976ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பெல் லாப்ஸ் ஆய்வுகூடம். யுனிக்ஸ் இயங்குதளம் பிறந்த இடம். அங்கே வேலை செய்த ஸ்டீவ் ஜோன்சன் ஒரு நாள் தன்னுடைய நிரலில் இருந்த பிழையைத் தேடித் தேடிக் களைத்துப்போனார். கடைசியில் பார்த்தால் பிழை ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்தது. திருத்தின கோப்பை மறுபடி கொம்பைல் பண்ணாததுதான் பிரச்சினை. ஓடிக்கொண்டிருந்தது பழைய துண்டு. சரியான நிரலில் இல்லாத பிழையைத் தேடி ஒரு காலை முழுக்கப் போய்விட்டது. அவர் கோபத்தோடு நண்பர் ஸ்டுவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குப் போய் முறையிட்டார். ஃபெல்ட்மனும் முதல் நாள் இதே மாதிரி அலைந்தவர். அந்த வார இறுதியில் அவர் எழுதின சின்ன நிரல்தான் மேக். ஏப்ரல் மாதம் அது பிறந்தது. (ஒரு காலக்குறிப்புக்காக: அதே ஆண்டு மே 14இல்தான் பண்ணாகத்தில் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது.)

மேக்கின் யோசனை எளிமையானது. 'மேக்ஃபைல்' என்று ஒரு கோப்பு எழுதுகிறோம். அதில் ஒவ்வொரு விதிக்கும் மூன்று பகுதி: எது வேணும், அது எவற்றிலிருந்து வரும், வரவைக்க என்ன கட்டளை. மேக் அந்த விதிகளை எல்லாம் ஒரு வம்சாவளி மாதிரி இணைத்துப் பார்க்கும். பிள்ளையைவிடத் தாய் புதிதாக இருந்தால், அதாவது செயலித் துண்டைவிட மூலக்கோப்பு பிந்தி மாற்றப்பட்டிருந்தால், அந்தப் பிள்ளையை மறுபடி உருவாக்கும். இல்லையென்றால் தொடாது. பத்தாயிரம் கோப்பில் ஒன்றை மாற்றினால் அந்த ஒன்றும் அதை நம்பியிருப்பவையும் மட்டும் கொம்பைல் ஆகும். மணித்தியாலக் கணக்கான வேலை சில செக்கனில் முடிந்துவிடும்.

மேக்கோடு பிறந்த ஒரு சின்னக் கரைச்சலும் இருக்கிறது. விதியின் கட்டளை வரி 'டாப்' என்ற இடைவெளிக் குறியோடுதான் தொடங்க வேணும். சாதாரண இடைவெளி எட்டு விட்டாலும் கண்ணுக்கு ஒன்று போலத்தான் தெரியும். ஆனால் மேக், 'பிரிப்பான் இல்லை' என்று சொல்லி நின்றுவிடும். இதை மாற்றலாமே என்று ஃபெல்ட்மன் யோசித்த நேரம் அவருக்கு ஒரு டசின் பாவனையாளர்கள் இருந்தார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்களைக் கரைச்சல்படுத்த வேண்டாம் என்று அப்பிடியே விட்டார். அந்தப் பத்துப் பன்னிரண்டு பேருக்காக விட்டதை ஐம்பது ஆண்டாக உலகம் முழுக்கச் சுமக்கிறது. 2003ஆம் ஆண்டுக்கான ஏசிஎம் மென்பொருள் முறைமை விருது மேக்குக்காக ஃபெல்ட்மனுக்குக் கிடைத்தது.

மேக் மணிக்கூட்டை நம்புகிறது

மேக் ஒரு கோப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறதில்லை. கோப்பு கடைசியாக எப்ப மாற்றப்பட்டது என்ற நேரமுத்திரையை மட்டும்தான் பார்க்கும். மணிக்கூடு பிழைத்தால் மேக்கின் தீர்ப்பும் பிழைக்கும்.

கணினியின் தாய்ப்பலகையில் காசு வடிவத்தில் ஒரு சின்னப் பற்றரி இருக்கும். கரண்ட் இல்லாத நேரத்திலும் மணிக்கூட்டை ஓடவைப்பது அதுதான். அது செத்தால், கரண்ட் நின்று வரும் ஒவ்வொரு முறையும் கணினி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். அந்த நிலையில் ஒரு கோப்பைத் திருத்திச் சேமித்தால் அதன் முத்திரை பழைய வருடத்தைச் சொல்லும். மேக், 'எல்லாம் புதிதாகத்தான் இருக்கு, செய்ய ஒண்டுமில்லை' என்று சொல்லிவிடும். ஜோன்சனின் அதே காலை திரும்பி வந்துவிடும்.

இன்னொன்று, ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கிற ஆக்களுக்கு நன்றாகத் தெரியும். விண்டோஸ் தாய்ப்பலகை மணிக்கூட்டில் உள்ளூர் நேரத்தை எழுதும். லினக்ஸ் அதை கிரீன்விச் நேரம் என்று எடுத்துக்கொண்டால், இலங்கையில் அது ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்குப் போய் நிற்கும். அந்த நேரத்தில் கொம்பைல் பண்ணின துண்டுகளுக்கு எதிர்கால முத்திரை விழும். பிறகு இணையம் வந்து மணிக்கூடு சரியானால், காலையில் செய்கிற திருத்தங்களைப் பின்னேரம் வரைக்கும் மேக் கணக்கெடுக்காது. குனூ மேக் இப்பிடியான கோப்பைக் கண்டால் எச்சரிக்கும்: இந்தக் கோப்பு இத்தனை செக்கன் எதிர்காலத்தில் இருக்கிறது, மணிக்கூடுகள் ஒத்துவரவில்லை, கட்டியது முழுமையில்லாமல் இருக்கலாம். கனபேர் இந்த வரியை வாசிக்காமல் தாண்டிவிடுவார்கள்.

பற்றரி, கரண்ட் என்று நாங்கள் இங்கே எழுதும்போது அவை எங்கள் ஊரில் வெறும் சாமான்கள் இல்லை. 1990இலிருந்து குடாநாடு தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட தலைமுறை இது. உலகம் லினக்ஸைக் கொம்பைல் பண்ணப் பழகின அந்தத் தொண்ணூறுகளில் எங்களுக்கு முன்னே இருந்த ஆக்கள் எதைக் கொண்டு பழகியிருக்க முடியும் என்று இதை வைத்துக் கணக்குப் பார்க்கலாம்.

முகமாலையில் அரை மணித்தியாலம்

1996 மே 25இல் இலங்கை அரசு நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. மழை இல்லாமல் நீர்மின் நிலையங்கள் தடுமாறின நேரம் அது. மின்சாரத்தைச் சேமிப்பதுதான் நோக்கம். கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருந்த நேரம் ஆறரை ஆனது. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் குறைத்து ஆறு மணித்தியாலம் ஆக்கினார்கள். அப்பிடியே பத்தாண்டு ஓடியது. 2006 ஏப்ரல் 15இல், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, பழைய ஐந்தரைக்கே திரும்பினார்கள்.

இது முதல் தடவையும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 1942இல் இரண்டு தரம் இலங்கை நேரம் முன்னுக்குத் தள்ளப்பட்டு, 1945 ஒக்டோபரில் திரும்பி வந்தது.

1996இல் நேரம் மாறியபோது யாழ் குடாநாடு இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் வந்திருந்தது. யாழ்ப்பாணம் கொழும்பு நேரத்துக்கு மாறியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி மாறவில்லை. அங்கே பழைய நேரமே ஓடியது. 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு ஏ9 பாதை திறந்தபோது, முகமாலையைத் தாண்டித் தெற்கே போகிற ஒருவர் அரை மணித்தியாலம் பின்னுக்குப் போனார். ஓமந்தையைத் தாண்டினால் மறுபடி முன்னுக்கு வந்தார். ஒரே வீதியில், ஒரே பயணத்தில், இரண்டு தரம் மணிக்கூட்டைத் திருப்ப வேண்டியிருந்தது. நான்கு வருடம் இப்பிடிப் போனது. நேரங்கள் ஒன்றானது 2006 ஏப்ரலில். அதே ஆண்டு ஓகஸ்டில் பாதை மூடப்பட்டது.

இதை மேக்கின் கண்ணால் பார்த்தால் என்ன நடக்கும்? பிளொப்பி டிஸ்க், பென்டிரைவ் போன்றவற்றில் அநேகமாக இருக்கிற 'ஃபாட்' என்ற கோப்பு முறைமை உள்ளூர் நேரத்தைத்தான் முத்திரையாக எழுதும். எந்த ஊர் நேரம் என்று எழுதாது. யாழ்ப்பாணத்தில் பத்து மணிக்குச் சேமித்த ஒரு கோப்பை அதே கணத்தில் கிளிநொச்சியில் திறக்க முடிந்தால், அங்கே மணி ஒன்பதரை. அந்தக் கோப்பு 1800 செக்கன் எதிர்காலத்தில் இருக்கும். 2006 ஏப்ரல் 15 அதிகாலை இன்னும் வேடிக்கை. பன்னிரண்டரை ஆனதும் மணிக்கூடு மறுபடி பன்னிரண்டுக்குத் திரும்பியது. நள்ளிரவுக்குப் பிந்தின அந்த அரை மணித்தியாலம் இரண்டு தரம் நடந்தது. முதல் தரத்தில் பன்னிரண்டு இருபத்தைந்துக்குக் கொம்பைல் பண்ணி, இரண்டாம் தரத்தில் பன்னிரண்டு பத்துக்குக் கோப்பைத் திருத்தினால், ஃபாட்டில் திருத்தம் பழையதாகத் தெரியும். மேக் அதைத் தொடாது. யுனிக்ஸ் வழி வந்த முறைமைகளில் இந்தச் சிக்கல் இல்லை. அவை 1970 ஜனவரி 1 கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை செக்கன் என்று எண்ணுகின்றன. அந்த எண்ணுக்கு எந்த அரசின் நேரமும் ஒன்றுதான்.

தரவில் இல்லை, குறிப்புரையில் இருக்கிறது

உலகத்தின் நேர மாற்றங்களை எல்லாம் ஒரே இடத்தில் வைத்திருக்கிற ஒரு தரவுத்தளம் இருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி, பிறகு போல் எகர்ட் பராமரித்துவருவது. லினக்ஸ், அன்ட்ரொயிட், ஐபோன் எல்லாம் நேர வலயங்களை இதிலிருந்துதான் அறிகின்றன. எவரும் திறந்து வாசிக்கலாம். ஆசியாவுக்கான கோப்பில் கொழும்பு என்ற பெயரின் கீழ் மேலே சொன்ன மாற்றங்கள் எல்லாம் வரி வரியாக இருக்கின்றன. வன்னிக்கு வரி இல்லை. ஆனால் கொழும்பு வரிகளுக்கு மேலே உள்ள குறிப்புரையில், 2006 ஏப்ரலில் வந்த ஒரு ரொயிட்டர்ஸ் செய்தியைச் சுட்டி, புலிகள் 1996 மாற்றத்தை ஏற்கவே இல்லை, இந்தியாவோடு ஒத்த பழைய நேரத்திலேயே இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறது.

இந்தக் கோப்பும் கொம்பைல் பண்ணப்படுகிற ஒரு கோப்புத்தான். 'சிக்' என்ற கொம்பைலர் அதை வாசித்து, கணினிக்குப் புரியும் இருமக் கோப்பாக மாற்றும். குறிப்புரைகளை அது தாண்டிவிடும், எல்லாக் கொம்பைலரையும் போல. எங்கள் தொலைபேசிக்குள் வந்து சேர்வது கொழும்பின் நேரம் மட்டும். வன்னியின் பத்தாண்டு நேரம் மூலக்கோப்பைத் திறந்து வாசிக்கிறவருக்கு மட்டும் தெரியும். இதில் சதி ஒன்றும் இல்லை. கொம்பைலர் தன் வேலையைச் செய்கிறது. ஆனால் கட்டி முடித்த பொருளை மட்டும் வாங்கிப் பாவிக்கிறவருக்கு என்ன தெரியாமல் போகும் என்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் ஒரு உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

திட்டங்கள் பெருத்தன, பழுதும் பெருத்தது

எண்பதுகளில் ஒவ்வொரு கம்பனியும் தன்பாட்டுக்கு ஒரு யுனிக்ஸ் விற்றது. ஒன்றில் கொம்பைல் ஆகும் நிரல் மற்றதில் ஆகாது. 1991இல் டேவிட் மெக்கன்சி 'ஓட்டோகொன்ஃப்' கருவியைத் தொடங்கினார். அது கணினியை முதலில் சோதித்து, என்ன இருக்கு, என்ன இல்லை என்று கண்டு, அதற்கேற்ற மேக்ஃபைலை எழுதித் தரும். கைகொடுத்தது உண்மை. ஆனால் ஆயிரக்கணக்கான வரி நீளமான, யாரும் வாசிக்காத ஷெல் நிரல்கள் ஒவ்வொரு மென்பொருளோடும் சேர்ந்து வரத் தொடங்கின. இதைக் கடைசியில் மறுபடி பார்ப்போம்.

அடுத்த பழுது, அடைவுக்கு ஒரு மேக்ஃபைல் வைத்து, ஒரு மேக் இன்னொரு மேக்கைக் கூப்பிடுகிற வழக்கம். ஒவ்வொரு மேக்குக்கும் தன் அடைவு மட்டும்தான் தெரியும். முழு வம்சாவளி ஒருவருக்கும் தெரியாது. அதனால் சிலதைக் கட்டாமல் விடும், சிலதைத் தேவையில்லாமல் கட்டும். பீட்டர் மில்லர் 1997இல் எழுதின கட்டுரை இதைப் பிட்டு வைத்தது. பிழை மேக்கில் இல்லை, நாங்கள் அதுக்குப் பாதிப் படத்தைக் காட்டுகிறோம் என்பது அவருடைய வாதம். 2000இல் 'சீமேக்' வந்தது. 2006இல் கேடிஇ திட்டம் முழுவதும் அதுக்கு மாறியது. குரோம் உலாவிக்காக எவன் மார்டின் எழுதின 'நிஞ்சா', எதைக் கட்டுவது என்று முடிவெடுக்கிற நேரத்தையே பல மடங்கு குறைத்தது.

இலங்கையிலும் இந்தக் கதை நடந்தது. 2003இல் சஞ்சீவ வீரவரண முன்னின்று தொடங்கிய லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனைச் சுற்றி இரண்டு பெரிய திட்டங்கள் வளர்ந்தன. ஒன்று 'சஹானா'. 2004 டிசெம்பர் 26 சுனாமி வடமராட்சிக் கிழக்கு உட்பட நாட்டின் கரையோரத்தை அள்ளிக்கொண்டு போனபோது, காணாமல்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிய அவசரமாக எழுதப்பட்டது. பிஎச்பியில் எழுதினதால் கொம்பைல் பண்ணுகிற கட்டமே இல்லை. திருத்தினால் அடுத்த கணம் ஓடும். அந்த வாரங்களில் அதுதான் தேவையாக இருந்தது. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது சஹானாவுக்குக் கிடைத்தது. மற்றது அபாச்சியின் 'அக்சிஸ்2/சி'. இது சி மொழி. லினக்ஸுக்கு ஓட்டோகொன்ஃப் வழி, விண்டோஸுக்கு மைக்ரோசொஃப்டின் 'என்மேக்' வழி என்று இரண்டு கட்டுமானப் பாதை. இப்பிடி இரண்டு பாதை வைத்திருக்கிற எந்தத் திட்டத்திலும், புதுக் கோப்பை ஒன்றில் சேர்த்து மற்றதில் மறந்தால், ஒருவருடைய கணினியில் ஓடுவது மற்றவருடையதில் உடையும்.

பழுது பார்க்கிற ஒழுங்கு

பழைய ஆக்களிடமிருந்து நாங்கள் பொறுக்கிச் சேர்த்ததைச் சுருக்கமாகத் தருகிறோம்.

முதல் பிழையை வாசியுங்கோ. திரையில் கடைசியாக நிற்கிற பிழை பெரும்பாலும் முதல் பிழையின் பேரப்பிள்ளை. எட்டு வேலை ஒரே நேரத்தில் ஓடினால் செய்திகள் கலந்துவிடும். ஒவ்வொன்றாக ஓடவிட்டால் தெளியும். ஒவ்வொன்றாக ஓடும்போது பிழை காணாமல் போனால், ஏதோ ஒரு விதியில் ஒரு தாயின் பெயர் விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது, மேக்கிடமே காரணத்தைக் கேளுங்கோ. 'டிரேஸ்' தெரிவைக் கொடுத்தால் எந்த விதி, எதனால் ஓடியது என்று சொல்லும். நிஞ்சாவில் 'எக்ஸ்பிளெய்ன்' அதே வேலையைச் செய்யும். ஓட்டோகொன்ஃப் 'இந்த நூலகம் இல்லை' என்று சொன்னால் நம்பிவிடாமல் அது எழுதி வைக்கிற பதிவுக் கோப்பைத் திறந்து பாருங்கோ. நூலகம் இருக்கும், சோதனை வேறு எதிலோ உடைந்திருக்கும்.

தலைப்புக் கோப்புகளைச் சந்தேகியுங்கோ. ஒரு தலைப்புக் கோப்பில் தரவின் வடிவத்தை மாற்றி, அதைப் பாவிக்கிற துண்டுகளில் சிலது மட்டும் மறுபடி கொம்பைல் ஆனால், செயலி கட்டப்படும், ஓடவும் ஓடும், இடையில் காரணம் தெரியாமல் விழும். யார் எந்தத் தலைப்பை நம்பியிருக்கிறார் என்ற பட்டியலைக் கொம்பைலரே எழுதித் தரும். கையால் எழுத வேண்டாம்.

கடைசியாக, மணி பாருங்கோ. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டினால் சரியாகிறது என்றால் பழுது மறைந்திருக்கிறதே ஒழியத் தீரவில்லை. அழிக்க முதல் நேரமுத்திரைகளை ஒரு தரம் பாருங்கோ.

மணிக்கூட்டிலிருந்து உள்ளடக்கத்துக்கு

நேரத்தை நம்பி அடிபட்ட ஆக்கள் மெல்ல மெல்ல உள்ளடக்கத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு கோப்பில் உள்ளதை எல்லாம் ஒரு கணக்குக்குள் போட்டால் கைரேகை மாதிரி ஒரு எண் வரும். ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறும். 2002இல் அன்ட்ரூ ட்ரிஜல் எழுதின 'சிகேஷ்' இப்பிடித்தான் பழைய கொம்பைலை அடையாளம் கண்டு திரும்பப் பாவிக்கிறது. 2015இல் கூகிள் வெளிவிட்ட 'பேசல்' முழுக்கக் கைரேகையில் நிற்கிறது.

அதுக்குப் பிறகு இன்னும் பெரிய கேள்வி வந்தது. ஒரே மூலநிரலை இரண்டு பேர் இரண்டு ஊரில் கட்டினால் ஒரு பிட் பிசகாமல் ஒரே செயலி வருமா? பெரும்பாலும் வராது. கொம்பைல் பண்ணின திகதி, நேர வலயம், அடைவின் பெயர், மொழி அமைப்புக்கேற்ற வரிசை எல்லாம் செயலிக்குள் கசியும். டெபியன் ஆட்கள் 2013இலிருந்து இவற்றை ஒவ்வொன்றாக அடைத்துவருகிறார்கள். கொழும்பில் கட்டினாலும் கனடாவில் கட்டினாலும் ஒன்று என்று காட்ட முடிந்தால்தான், இணையத்தில் கிடைக்கிற செயலி அந்த மூலநிரலிலிருந்துதான் வந்தது என்று மற்ற ஆக்கள் சரிபார்க்கலாம்.

இது ஏன் முக்கியம் என்று 2024 மார்ச் 29இல் தெரிந்தது. 'எக்ஸ்இசட்' என்ற சுருக்கும் கருவி ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கிறது. அதன் பராமரிப்புக்குள் பொறுமையாக நுழைந்த ஒருவர் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்திருந்தார். மூலநிரல் களஞ்சியத்தில் அதை இயக்குகிற வரி இல்லை. வெளியீட்டுப் பொதியோடு வந்த ஓட்டோகொன்ஃப் துணைக்கோப்பு ஒன்றில் மட்டும் இருந்தது, யாரும் வாசிக்காத அந்த நீளமான நிரல்களுக்குள். கட்டுகிற நேரத்தில் அது சோதனைக் கோப்புகளிலிருந்து நச்சுத் துண்டைப் பிரித்தெடுத்துச் செருகியது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய அரைச் செக்கன் கூடுதலாக எடுக்கிறதே என்று அன்ட்ரேஸ் ஃப்ரொயின்ட் என்ற பொறியியலாளர் தோண்டியதால்தான் பிடிபட்டது. நுழைந்தவர் யார் என்று ஆராய்ந்தவர்கள் பார்த்த தடயங்களில் ஒன்றும் நேரம்தான்: அவருடைய பதிவுகளில் பெரும்பாலானவை கிரீன்விச்சுக்கு எட்டு மணித்தியாலம் முன்னால் என்று சொல்ல, சில மட்டும் இரண்டு, மூன்று என்று சொல்லின.

எங்கள் ஊரில் கணினி படிக்கிற பிள்ளையள் இன்று குறைவில்லை. யாழ் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் இருக்கிறது, அதன் பொறியியல் பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது. ஆனால் ஒரு பெரிய திட்டத்தின் மூலநிரலை இறக்கி, தன் கையால் கட்டி, உடைகிற இடத்தைத் தேடிப் பார்த்த ஆக்கள் எத்தனை பேர் என்று கேட்டால் கைகள் குறைவாகத்தான் உயரும். அந்தப் பழக்கம் வேலைக்கு மட்டும் உதவுகிறதில்லை. எங்களுக்குத் தருகிற ஒரு பொருள் எதிலிருந்து வந்தது, வழியில் என்ன சேர்ந்தது, என்ன விடுபட்டது என்று கேட்கப் பழக்கும்.

அந்த அரை மணித்தியாலத்துக்கும் இப்ப அதே நிலைதான். 1996க்கும் 2006க்கும் இடையில் வன்னியில் வாழ்ந்த, ஏ9இல் போய்வந்த ஆக்கள் உங்கட வீட்டிலும் இருப்பார்கள். பள்ளிக்கூட மணி, பஸ், கோயில் பூசை எல்லாம் எந்த நேரத்துக்கு நடந்தது, சோதனைச் சாவடியில் மணிக்கூட்டைத் திருப்பினார்களா, இல்லை மனதுக்குள் கூட்டிக் கழித்தார்களா என்று கேளுங்கோ. கேட்டதை எழுதி எங்களுக்கு அனுப்புங்கோ.